எந்த ஊர் ஸ்பானிஷ்?

ஸ்பானிஷ் கற்க ஆசைப்படுபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தப் புத்தகம் வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்த ஊர் ஸ்பானிஷ்?

இருபது நாடுகளில் அது ஆட்சிமொழி. தாய்மொழியாகப் பேசுபவர்கள் ஏறத்தாழ 50 கோடி. இதில் ஸ்பெயின்காரர்கள் பத்தில் ஒரு பங்குதான்! அதிகம் பேர் பேசுவது மெக்சிகோவில்.

ஸ்பெயின் புத்தகத்தில் ஆறு மாதம் உழைத்த ஒருவர் அர்ஜென்டினாக்காரரிடம் பேசுகிறார் என்று வையுங்கள். 'உன்னிடம் இருக்கிறது' என்பதற்கு இவர் படித்தது 'தூ தியேனெஸ்'. அவர் சொல்வதோ 'வோஸ் தெனேஸ்'. 'நீங்கள் எல்லோரும்' என்று நண்பர்களை அழைக்க ஸ்பெயினின் பெரும்பகுதியில் 'வொஸோத்ரோஸ்'. லத்தீன் அமெரிக்கா முழுக்க 'உஸ்தேதெஸ்'. காருக்கு ஸ்பெயினில் 'கோச்சே', கொலம்பியாவில் 'கார்ரோ', அர்ஜென்டினாவில் 'ஆவுத்தோ'. இதெல்லாம் பரவாயில்லை. ஸ்பெயினில் பஸ் பிடிக்கச் சாதாரணமாகச் சொல்லும் 'கோஹெர்' மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் கெட்ட வார்த்தை!

இந்த இடத்தில்தான் பலர், 'நமக்கு மொழி வராது போலிருக்கிறது' என்று விட்டுவிடுகிறார்கள். குறை அவர்களிடம் இல்லை. படித்தது ஒரு ஊர், கேட்டது வேறு ஊர். அவ்வளவுதான்.

வாங்குமுன் கண்டுபிடிப்பது சுலபம். பயிற்சிகளைப் புரட்டுங்கள். 'வொஸோத்ரோஸ்' அடிக்கடி வந்தால் அது ஸ்பெயின் புத்தகம். வினை அட்டவணையில் மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்; அமெரிக்கப் புத்தகங்களிலும் பேருக்கு அந்த வரிசை இருக்கும். ஒலிப்பதிவு இருந்தால் 'நன்றி' சொல்லும் இடத்தைக் கேளுங்கள். 'கிராத்தியாஸ்' என்றால் ஸ்பெயினின் வடக்கு அல்லது நடுப்பகுதி. 'கிராஸியாஸ்' என்றால் பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கா.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? மாட்ரிட்டில் மேல்படிப்பு என்றால் ஸ்பெயின் புத்தகமும், அந்நாட்டு அரசு ஒலிபரப்பான ஆர்.டி.வி.இ.யும். மெக்சிகோ, கொலம்பியாவோடு வேலை என்றால் லத்தீன் அமெரிக்கப் புத்தகம். டுவோலிங்கோவும் அந்தப் பக்கம் சாய்ந்ததுதான். கூடவே 'ரேடியோ அம்புலாந்தே' கேட்கலாம். லத்தீன் அமெரிக்காவின் பல நாட்டுக் கதைகள், அந்தந்த நாட்டுக் குரல்களில். எழுத்து வடிவமும் கிடைக்கிறது. ஆனால் ஆரம்பத்திலேயே இதைக் கேட்டால் தலை சுற்றும்!

பரீட்சை பயம் வேண்டாம். 1991-ல் ஸ்பெயின் அரசு தொடங்கிய செர்வாந்தெஸ் நிறுவனத்தின் 'டெலே' தேர்வில் எந்த நாட்டு வழக்கில் எழுதினாலும் பேசினாலும் ஏற்றுக்கொள்வார்கள். கலந்து கட்டி அடிக்காமல் ஒன்றையே பின்பற்றினால் போதும். ஆனால் கேட்டல் பகுதியில் பல நாட்டு உச்சரிப்பும் வரும்.

ஆக, பேச ஒரு ஊர், கேட்க எல்லா ஊரும். ஐந்து புத்தகம் வாங்கி அடுக்குவதைவிட, யாரோடு பேசப் போகிறோம் என்று முடிவு செய்து ஒன்றை வாங்கி முடிப்பது மேல். காசும் மிச்சம், மனசும் மிச்சம்!