மலைப்பாதையில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு எந்த ஹார்ட் ரேட் மானிட்டர்?

1) "டாக்டர், சைக்கிள் ட்ரெய்னிங்குக்கு கம்மி விலையில ஒரு ஹார்ட் ரேட் மானிட்டர் சொல்லுங்க." இப்போ இன்பாக்ஸில் அடிக்கடி வரும் கேள்வி இதுதான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஞாயிற்றுக்கிழமை மிதிக்கிற கூட்டம் கூடிக்கிட்டே போகுது. நானும் அதில் ஒருத்தன். அடிவாரத்தில் அரசு மருத்துவமனை வேலை, லீவு கிடைச்சா மலை. அதனால் விரிவாகவே எழுதிடுறேன்.

2) முதலில் பாதையைப் புரிஞ்சுக்கணும். வத்தலக்குண்டு கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். காமக்காபட்டி, டம் டம் பாறை, ஊத்து, பெருமாள் மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி, செண்பகனூர்னு 50 கிலோமீட்டருக்கும் மேல மிதிக்கணும். இதயம் நாலைந்து மணி நேரம் இடைவிடாமல் வேலை செய்யுது. அதை எந்த வேகத்தில் வேலை வாங்குறோம்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தக் கருவி.

3) கருவியில் ரெண்டு வகை. மார்பில் கட்டும் பட்டை, இசிஜி எடுப்பது போல இதயத்தின் மின் சமிக்ஞையைப் பிடிக்கும். கையில் கட்டும் வாட்ச், தோலுக்குள் பச்சை ஒளியை அனுப்பி, ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்த அளவு மாறுவதை வைத்துக் கணக்குப் போடும். கம்பியில்லாத மார்புப் பட்டை புதுசு இல்லை. ஃபின்லாந்தின் போலார் நிறுவனம் 1982-லேயே விற்பனைக்குக் கொண்டு வந்துடுச்சு.

4) நடைக்கு, வீட்டு உடற்பயிற்சிக்கு வாட்ச் போதும். சைக்கிளில்தான் அது தடுமாறும். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிக்கிறோம், மணிக்கட்டு மடங்குது, ரோட்டுக் குலுக்கல் நேரா கைக்கு வருது. பெருமாள் மலைக்கு மேல குளிர் ஆரம்பிச்சதும் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், வாட்சுக்குக் கிடைக்கிற சமிக்ஞையும் குறையும். 150 ஓடும் இதயத்துக்கு 105-னு காட்டினாலும் ஆச்சரியமில்லை.

5) ஆகவே என் பரிந்துரை, அடிப்படை மாடல் மார்புப் பட்டை. திரை, ஜிபிஎஸ், தூக்கக் கணக்கு எதுவும் வேண்டாம். மார்புப் பட்டை உறுத்துது என்பவர்கள், முழங்கைக்குக் கீழே அல்லது மேல்கையில் கட்டும் ஒளி சென்சார் வாங்கலாம். மணிக்கட்டை விட அங்கே அசைவு குறைவு.

6) வாங்கும் முன் பார்க்க வேண்டியவை:
👉 ப்ளூடூத், ஆன்ட் பிளஸ் ரெண்டும் இருக்கணும். மொபைலுக்கு முதலாவது போதும். பழைய சைக்கிள் கம்ப்யூட்டர்கள் பலவற்றுக்கு ரெண்டாவதுதான் புரியும்.
👉 பேட்டரி நாமளே மாத்துற மாதிரி இருக்கணும். பெரும்பாலும் சிஆர்2032 பட்டன் செல். நம்ம ஊர் வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.
👉 பட்டை தனியாகக் கழன்று வரணும். வியர்வை உப்பு படிஞ்சா சமிக்ஞை கெடும், அப்பப்போ அலசணும்.
👉 பட்டை மட்டும் தனியாக விற்பனைக்குக் கிடைக்குதான்னு கேளுங்க. முதலில் தேயுறது அதுதான்.

7) கட்டும் முறை: பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைச்சுக் கட்டணும். காலைக் குளிரில் வியர்வை வர நேரமாகும். காய்ந்த பட்டை முதல் பத்து நிமிஷம் கண்டபடி எண் காட்டும். இறக்கத்தில் காற்றில் ஜெர்சி படபடக்கும்போது திடீர்னு 200-ஐத் தாண்டினாலும் பதற வேண்டாம். துணி உரசி வரும் மின்னூட்டம் அந்த வேலையைச் செய்யும். நின்னு, நாடி பிடிச்சுப் பாருங்க. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கணும். ஒழுங்கில்லாமல் துடித்தாலோ, நின்ன பிறகும் எண் இறங்கலைன்னாலோ மருத்துவரைப் பாருங்க.

8) அடுத்து, அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன? பலரும் பயன்படுத்துவது 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு. 35 வயசுக்கு 185. 2001-ல் டனகா குழு வெளியிட்ட கணக்குப்படி, 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிச்சா அதே ஆளுக்கு 183 அல்லது 184. ரெண்டுமே சராசரிதான். ஒரே வயசு உள்ள ரெண்டு பேருக்குள் உச்சத் துடிப்பு 10, 20 வரைகூட வித்தியாசப்படும், ரெண்டு பேருமே ஆரோக்கியமாக இருப்பாங்க.

9) அதே 35 வயசுக்காரருக்கு 60 முதல் 70 சதவீதம் என்பது 111 முதல் 130. ஓய்வுத் துடிப்பு 60 என்று வைத்து கார்வோனென் முறையில் போட்டால் 135 முதல் 148. ரெண்டையுமே ஆப்கள் "ஜோன் 2"-ன்னுதான் சொல்லும். உங்க ஆப் எந்தக் கணக்கு போடுதுன்னு முதல்ல பாருங்க.

10) இப்போ முக்கியமான விஷயம். எங்க குழுவில் 52 வயசு அண்ணன் ஒருத்தர். ஊத்து ஏற்றத்தில் மூச்சு வாங்குது, முகம் வெளுத்திருக்கு. "எண் 112 தான் காட்டுது தம்பி, ஜோன் 2 தானே, இன்னும் அமுக்கலாம்ல?"ன்னு திக்கித் திக்கிக் கேட்டார். "அண்ணே, முதல்ல இறங்குங்க. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" "பிரஷருக்கு... மெட்டோபிரோலால்."

11) மெட்டோபிரோலால், அட்டெனோலால், பைசோபிரோலால் இவையெல்லாம் பீட்டா பிளாக்கர்கள். இதயத் துடிப்பு ஏறவிடாமல் பிடிச்சு வைப்பதுதான் இவற்றின் வேலை. கருவி சரியாத்தான் காட்டுச்சு. 220 கணக்குதான் அவருக்குப் பொருந்தாது. அன்னைக்கு ஜீப்பில் கீழே இறங்கினோம். இசிஜி, எக்கோ, டிரெட்மில் பரிசோதனை எல்லாம் பார்த்தாச்சு. அடைப்புக்கான அறிகுறி எதுவும் இல்லை. டிரெட்மில்லில் அவருக்கு வந்த உச்சத் துடிப்பு 138. அப்படின்னா அந்த 112 என்பது அவரோட உச்சத்தில் 80 சதவீதத்துக்கும் மேல!

12) ஆகவே பீட்டா பிளாக்கர் எடுப்பவர்கள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள், இதய நோய், சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், ரொம்ப நாள் உடற்பயிற்சி இல்லாமல் இருந்து 40 வயசுக்கு மேல் தொடங்குபவர்கள், முதலில் மருத்துவரைப் பாருங்க, அப்புறம் மலை ஏறுங்க. எண் ஏறலைன்னு மாத்திரையை நீங்களா நிறுத்தக் கூடாது. திடீர்னு நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரைக்கும் போகலாம்.

13) எல்லோருக்கும் பொருந்தும் இலவச மானிட்டர் ஒண்ணு இருக்கு, பேச்சு. மிதிச்சுக்கிட்டே முழு வாக்கியம் பேச முடிஞ்சா மிதமான உழைப்பு. ரெண்டு மூணு வார்த்தைக்கு மேல வரலைன்னா கடின உழைப்பு. கருவி எண்ணும் பேச்சும் முரண்பட்டா பேச்சை நம்புங்க.

14) மேல போகப் போக காற்றழுத்தம் குறையும். கொடைக்கானலில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே மிதிக்கு அங்கே துடிப்பு கூடும். தண்ணீர் குடிக்காமல் ஏறினாலும் கூடும். கீழே போட்ட கணக்கை மேலே பிடிவாதமா துரத்தாதீங்க. ஏரியைச் சுற்றியுள்ள சுமார் 5 கிலோமீட்டரை மெதுவா ஒரு சுற்று வந்து, உங்க உடம்பு அங்கே என்ன எண் காட்டுதுன்னு குறிச்சு வச்சுக்கோங்க.

15) கடைசியா. இந்தக் கருவி மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் வந்தால் எண் என்னவாக இருந்தாலும் உடனே நிறுத்துங்க, 108-ஐ அழையுங்க. சில வளைவுகளில் சிக்னல் இருக்காது, அதனால் தனியா ஏறாதீங்க. 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் கட்ட மாத்திரைகள் தரப்படுகின்றன. நீங்க போகும் பாதையில் அது எங்கே இருக்குன்னு கிளம்பும் முன்னாடியே பார்த்து வச்சுக்கோங்க.

மாத்திரை எடுக்கும் நண்பர்கள், உறவினர்கள் சைக்கிள் ஓட்டினால் பத்தாவது, பதினொன்றாவது பதிவுகளை மட்டுமாவது அவங்களுக்கு அனுப்பிடுங்க.