தலைமாட்டில் வேப்பிலை

நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகப்பட்டிருந்தால் அயலார் அவ்வீட்டினுள் நுழையமாட்டார்கள். உள்ளே யாருக்கோ அம்மை கண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அறிவிப்பு. 1983ஆம் ஆண்டுக் கோடையில், அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாயிலிலும் அக்கொத்து ஏறியது. ஆறு வயதுத் தம்பிக்குச் சின்னம்மை.

அன்றுமுதல் வீடு பாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. கருவுற்றிருந்த சித்தியை உடனே தாய்வீட்டுக்கு அனுப்பினார். தம்பிக்குத் தனிப் பாய், தனித் தட்டு. உணவாக இளநீரும் மோரும் கேழ்வரகுக் கூழும். உடல் அரித்தபோது நகம் படாமல் வேப்பிலையால் வருடிவிட்டார். தொற்றைத் தடுக்க மருத்துவம் கூறும் தனிமைப்படுத்தலையே பாட்டி வழிபாடாகச் செய்தார் என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன்.

ஐந்தாம் நாள் இரவு தம்பிக்கு மூச்சு இரைத்தது. மருத்துவமனைக்குச் செல்லலாம் என்றார் அம்மா. "அம்மை கண்ட உடம்பில் ஊசி படக்கூடாது, தாய் கோபித்துக்கொள்வாள்" என்று தடுத்தார் பாட்டி. மாமியாரின் சொல்லை அம்மா அதுவரை மறுத்ததில்லை. சற்றுநேரம் பேசாமல் நின்றவர், "பிள்ளையைக் காப்பாற்றினால் எந்தத் தாயும் கோபிக்கமாட்டாள், அத்தை" என்று சொல்லித் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

பாட்டி இளமையில் கண்டது பெரியம்மை. கிண்டி கிங் நிறுவனத்தில் அதற்குத் தடுப்பு மருந்து தயாரிக்கப்பட்டது. ஆனால் நோய் வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. அருகிருந்து பேணுவதொன்றே வழியாக இருந்தது. 1980இல் உலக நலவாழ்வு நிறுவனம் அந்நோய் ஒழிந்ததாக அறிவித்தது. நோய் ஒழிந்தும் அச்சம் பாட்டியின் நெஞ்சில் எஞ்சியிருந்தது.

தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில், நுரையீரலில் அழற்சி என்றார்கள். உடன்வந்த பாட்டி, தம்பியின் தலைமாட்டில் வேப்பிலைக் கொத்தை வைத்தார். மருத்துவர் அதை அகற்றச் சொல்லவில்லை. "இது இருக்கட்டும், பாட்டி. ஊசியும் போடட்டுமா?" என்று கேட்டார். பாட்டி மெல்லத் தலையசைத்தார். பத்து நாள்களில் தம்பி நலமுடன் வீடு திரும்பினான்.

நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் ஒரு கூறாகக் கொள்கிறது திருக்குறளின் 'மருந்து' அதிகாரம். எங்கள் வீட்டில் அந்த நான்காம் இடம் பாட்டியுடையது. மற்ற மூன்றுக்கும் அவர் வழிவிட்டபோது அவரது பேணுதல் முழுமை பெற்றது. தம்பிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பின்னரும், மருத்துவர் தந்த மாத்திரைகளை வேளை தவறாமல் கொடுத்தவர் பாட்டியே.