"இவன் என் மவன் இல்ல டாக்டர்"

அவன மாதிரியே வேசம் போட்டு வந்திருக்கான்னு அடுத்து சொல்வாங்க. ஆலங்குடி, அறந்தாங்கி பக்கமிருந்து வயசானவங்களைக் கூட்டிட்டு வர்றவங்ககிட்ட எப்பவாவது இதைக் கேட்கிறேன். பெத்த பிள்ளை பக்கத்துலயே நிப்பார், முகம் செத்துப்போய்.

இதுக்குப் பேர் காப்கிரா சிண்ட்ரோம். 1923-லேயே பிரான்ஸ்ல பதிவானது.

நம்ம சென்னை ஸ்டான்லில டாக்டருக்குப் படிச்ச வி.எஸ்.ராமச்சந்திரன், அமெரிக்காவில் இப்படி ஒருத்தரை ஆராய்ஞ்சார். விபத்துல தலையில் அடிபட்டவர். அம்மாவை நேர்ல பார்த்தா, இவங்க அம்மா மாதிரி இருக்கிற வேற யாரோன்னார். அதே அம்மா போன்ல பேசினா? அம்மாதான், சந்தேகமே இல்ல!

ராமச்சந்திரன் தந்த விளக்கம் இது. முகத்தைப் பார்த்து 'யார்'னு சொல்றது மூளையில ஒரு பகுதி. 'நம்மாளு'ங்கிற ஒட்டுதலைத் தர்றது அமிக்டலா. நடுவுல கனெக்‌ஷன் அறுந்தா முகம் தெரியும், பாசம் சுரக்காது. உடனே மூளை தானா ஒரு காரணம் கட்டிக்குது: ஆள் மாறிட்டான். ஆனா குரல் காதிலிருந்து வேற பாதையில போகுது. அவருக்கு அந்தப் பாதை அறுபடல.

அதனால "நான்தாம்மா, நல்லா பாரு"ன்னு முகத்தை நீட்டி மல்லுக்கட்டாதீங்க. கதவுக்கு வெளியே நின்னே பேச்சுக் கொடுத்துட்டு உள்ளே போங்க. எல்லாருக்கும் பலிக்காதுதான். ஆனா காசா பணமா?

ரெண்டு நாளா திடீர்னு இப்படின்னா மட்டும் தள்ளிப்போடாதீங்க. வயசானவங்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன், சோடியம் குறையறதுகூட மூளையைக் குழப்பும். சரி பண்ணக்கூடியது. அன்னைக்கே ஜிஹெச் வாங்க. மந்திரிச்ச கயிறு கையில இருந்தா இருக்கட்டும், அவுக்கச் சொல்ல மாட்டோம்.