ஒரு கோர் இன்னொரு கோரைக் கூப்பிடும்போது

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கும் ஒரு சோதனைக் கூடத்தில் மின்விசிறிகளின் இரைச்சலை மீறிப் பேச வேண்டியிருந்தது. ரேக்கின் மேல் தட்டில் 2023 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட 'சபையர் ராபிட்ஸ்' ஜியான் சர்வர், கீழ்த் தட்டில் அதற்கு முந்தைய தலைமுறை. இரண்டிலும் ஒரே லினக்ஸ் கர்னல், ஒரே கேவிஎம் ஹைப்பர்வைசர், ஒரே அளவு விர்ச்சுவல் மெஷின். "கோர்கள் ஒன்னையொன்னு கூப்பிடுறதுல எவ்வளவு நேரம் வீணாகுதுன்னு கண்ணாலேயே பாருங்க சார்" என்று அங்கிருந்த பொறியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முதலில் விர்ச்சுவல் மெஷினுக்குள் நுழைந்து குறுக்கீடுகளின் பட்டியலைத் திறந்தார். 'ரீஷெட்யூலிங்', 'ஃபங்ஷன் கால்', 'டிஎல்பி ஷூட்டவுன்' என்ற மூன்று வரிகளில் எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மூன்றுமே ஒரு ப்ராசஸர் இன்னொரு ப்ராசஸருக்கு அனுப்பும் குறுக்கீடுகள். சுருக்கமாக ஐபிஐ. வேறொரு கோரில் காத்திருக்கும் வேலையை எழுப்புவதற்கும், நினைவக முகவரி மாறியதும் மற்ற கோர்களிடம் பழைய குறிப்பை அழிக்கச் சொல்வதற்கும் கர்னலுக்கு இதுவே வழி. பல த்ரெட்களில் ஓடும் டேட்டாபேஸ் ஓயாமல் இதைச் செய்யும்.

வெறும் இயந்திரத்தில் இது எளிய காரியம். குறுக்கீட்டுக் கட்டுப்படுத்தியின் எக்ஸ்2ஏபிக் முறையில், பதினாறடிமான எண் 830 உள்ள பதிவகத்தில் ஒரே ஒரு 64 பிட் மதிப்பை எழுதினால் போதும், குறுக்கீடு போய்விடும். விர்ச்சுவல் மெஷினுக்குள் அப்படி எழுதுவதை ஹைப்பர்வைசர் இடைமறிக்கிறது. கோர் விருந்தினர் (அதாவது விர்ச்சுவல் மெஷின்) முறையிலிருந்து வெளியே வந்து, கேவிஎம் முகவரியைப் படித்து, குறுக்கீட்டைச் சேர்த்துவிட்டு, மறுபடி உள்ளே அனுப்ப வேண்டும். அடுக்குமாடியில் எதிர் வீட்டுக்குச் சேதி சொல்ல ஒவ்வொரு முறையும் கீழே இறங்கி வாட்ச்மேனிடம் எழுதிக் கொடுப்பதைப் போன்ற சுற்று இது. இப்படி ஒருமுறை வெளியேறித் திரும்ப ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகள் செலவாகும்.

கீழ்த் தட்டு சர்வரில் 'பெர்ஃப் கேவிஎம் ஸ்டாட்' கட்டளையை ஓடவிட்டார். வெளியேறிய காரணங்களின் பட்டியலில், பதிவகத்தில் எழுதியதைக் குறிக்கும் 'எம்எஸ்ஆர் ரைட்' முதல் இடத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. "இது எல்லாமே அனுப்புற பக்கத்துச் செலவு" என்றார். பெறும் பக்கத்தின் சிக்கலை இன்டெல் ஏற்கெனவே ஏபிக்வி என்ற வன்பொருள் வசதி மூலம் தீர்த்திருந்தது. ஒவ்வொரு மெய்நிகர் சிபியுவுக்கும் நினைவகத்தில் 64 பைட் குறிப்பு ஒன்று உண்டு. அதில் 256 குறுக்கீட்டு எண்களுக்கும் தலா ஒரு பிட். பிட்டை ஏற்றி அறிவிப்பு அனுப்பினால், ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் சிபியு வெளியே வராமலே அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்தப் பிட்டை ஏற்றுவதற்கு அனுப்புபவர் ஹைப்பர்வைசரிடம் போகத்தான் வேண்டியிருந்தது. 2018இல் லினக்ஸ் 4.19 ஒரு வழி கொடுத்தது: பலருக்குப் போகும் ஐபிஐயை ஒரே ஹைப்பர்காலில் 128 பேர் வரை மொத்தமாக அனுப்பலாம். பயணங்கள் குறைந்தன, தனி ஒருவருக்கு அனுப்பும் ஐபிஐக்கு அதனால் பலனில்லை.

பிறகு மேல் தட்டுக்கு வந்தோம். கேவிஎம் இன்டெல் மாட்யூலின் அமைப்புகளில் 'எனேபிள் ஐபிஐவி' என்பதற்கு எதிரே 'ஒய்' என்றிருந்தது. லினக்ஸ் 6.0இல் சேர்ந்த வசதி இது. மெய்நிகர் சிபியுக்களின் குறிப்புகள் இருக்கும் இடங்களை கேவிஎம் ஓர் அட்டவணையில் எழுதி வைக்கிறது. விருந்தினர் பதிவகத்தில் எழுதியதும் ப்ராசஸரே அட்டவணையைப் பார்த்து, எதிராளியின் பிட்டை ஏற்றி, அறிவிப்பையும் அனுப்பிவிடுகிறது. அதே வேலையை ஓடவிட்டோம். 'எம்எஸ்ஆர் ரைட்' பட்டியலின் அடிக்குச் சரிந்தது. மென்பொருள் பல ஆண்டுகள் சுமந்த ஒரு வேலையைச் சிலிக்கன் வாங்கிக்கொண்டதைத் திரையில் நேராகப் பார்க்க முடிந்தது. எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்து அவர் காட்டியதுதான் பலர் கவனிக்காத இடம். 255க்கு மேல் மெய்நிகர் சிபியு வேண்டும் என்போர் மெய்நிகர் ஐஓஎம்எம்யுவைச் சேர்ப்பார்கள். அதில் குறுக்கீட்டு மறுவழிப்படுத்தல் இருந்தால், விருந்தினர் லினக்ஸ் எக்ஸ்2ஏபிக்கின் 'கிளஸ்டர்' முறைக்குப் போய்விடும். இந்த வன்பொருள் வசதியோ 'பிசிக்கல்' முறையில் ஒருவருக்கு அனுப்பும் சாதாரணக் குறுக்கீட்டை மட்டுமே கையாளும். அப்படி ஒரு மெஷினை ஏற்றியதும் வெளியேற்றங்கள் 'ஏபிக் ரைட்' என்ற வேறு பெயரில் குவிந்தன. விருந்தினரின் பூட் வரியில் 'எக்ஸ்2ஏபிக் ஃபிஸ்' சேர்த்து மறுபடி ஏற்றினார். எண்ணிக்கை வடிந்தது.

மிச்சமிருந்த இன்னொரு வெளியேற்றக் காரணம் 'ஹெச்எல்டி'. வேலையின்றித் தூங்கப்போன மெய்நிகர் சிபியுவை எழுப்ப ஹைப்பர்வைசர்தான் வர வேண்டும். புதிய வசதி அங்கே உதவாது. விருந்தினரில் 'ஹால்ட்போல்' போட்டால் தூங்குமுன் சிறிது நேரம் சுழன்று பார்க்கும். அந்த நேரத்தில் வேலை வந்தால் ஐபிஐயே தேவைப்படாது. ஆனால் சுழலும் கோர் மின்சாரத்தையும் அடுத்தவர் நேரத்தையும் தின்னும். கோர்களைப் பங்குபோட்டு விற்கும் இடத்தில் யோசித்துத்தான் செய்ய வேண்டும். ஏஎம்டி தரப்பில் ஏவிஐசி இதே வேலையைச் செய்கிறது. அதன் எக்ஸ்2ஏபிக் வடிவத்துக்கும் லினக்ஸ் 6.0இலேயே ஆதரவு வந்தது.

பார்த்தவரையில் என் முடிவு இது: ஐபிஐ வேகத்துக்குப் புதிய ப்ராசஸர் வாங்குவது பாதி வேலைதான். கர்னல் பதிப்பு, மாட்யூல் அமைப்பு, விருந்தினரின் ஏபிக் முறை மூன்றும் பொருந்தாவிட்டால் கொடுத்த பணத்துக்கான பலன் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். விர்ச்சுவல் மெஷின்களைப் பராமரிக்கும் நண்பர்கள் புதிய சர்வருக்கு ஆர்டர் போடுமுன், இருக்கிற சர்வரில் வெளியேற்றக் காரணங்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.