உப்புவெளியில் ஓர் இனிப்புக் கணக்கு

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் என்னைப் பணித்தபோது, இலக்கியப் பொருளொன்றையே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். தமிழாசிரியன் வேறெதனை எழுதப் போகின்றான்? ஆயினும் கடந்த சில ஆண்டுகளாக என் சிந்தையை ஆட்கொண்டிருப்பது கம்பனும் அன்று, இளங்கோவும் அன்று. தேநீரில் இடும் சீனியே. ஆதலின் அதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன். நகைக்க விரும்புவோர் நகைக்கலாம். நகைத்த பின்னர் வீட்டிற்குச் சென்று தத்தம் சீனிப் போத்தலை ஒருமுறை உற்று நோக்குவாராயின் என் முயற்சி வீண்போகாது.

யான் பிறந்ததும் வாழ்வதும் உப்புவெளியில். ஊரின் பெயரிலே உப்பு. எதிரே விரிந்து கிடக்கும் கடலிலே உப்பு. வீசும் காற்றிலும் உப்பு. இத்தகைய ஊரிற் பிறந்த எனக்கு நாவெல்லாம் இனிப்பாக அமைந்தது எங்ஙனம் என்பதை யான் அறியேன். அறுசுவையுள் இனிப்பையே தலையாயதாக நம் முன்னோரும் போற்றினர். பாலும் தேனும் பாகும் பருப்பும் பிள்ளையாருக்குப் படைத்தன்றோ ஔவை முத்தமிழைக் கேட்டாள்! அதியமானின் முன்னோரே கரும்பை இந்நிலத்திற்குக் கொணர்ந்தனர் என்று புறநானூற்றின் 99ஆம் பாட்டு அவர்களைப் புகழ்கின்றது. வாளாலும் வேலாலும் வென்ற குலத்திற்குக் கரும்பு கொணர்ந்ததும் ஒரு புகழாயிற்று. ஆகவே இனிப்பின்மீது ஆசை கொள்வது இழிவன்று. அளவு அறியாமையே இழிவு. இதனை யான் அறிந்துகொள்ள நாற்பது ஆண்டுகள் சென்றன. அதற்கு என் குடும்பம் கொடுத்த விலையும் சிறிதன்று.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மீண்டும் போர் மூண்டபோது எனக்கு ஒன்பது வயது. வீட்டை விட்டு வெளியேறி, பாடசாலைக் கட்டடம் ஒன்றில் பல குடும்பங்களோடு தங்கியிருந்தோம். நிவாரணமாகக் கிடைத்த அரிசி, பருப்பு, மா ஆகியவற்றுடன் சிறிதளவு சீனியும் கிடைக்கும். அம்மா அதனை ஒரு பால்மாத் தகரத்துள் இட்டு, தகரத்தைத் துணிமூட்டையின் அடியில் ஒளித்து வைப்பார். மாலையில் எங்கள் மூவருக்கும் வெறுந்தேநீர். அதனுள் சீனி இடுவதில்லை. இட்டால் ஆறு கரண்டி வேண்டும். அத்தனை சீனிக்கு எங்கே போவது? ஒவ்வொருவரின் உள்ளங்கையிலும் அரைக் கரண்டி சீனியைக் கொட்டுவார். அதை நுனிநாவால் தொட்டுத் தொட்டுத் தேநீரைக் குடிக்க வேண்டும். சில நாள்களில் சீனிக்குப் பதிலாகக் கடலையளவு பனங்கட்டித் துண்டொன்று கிடைக்கும். அதைக் கடைவாயில் அடக்கிக்கொண்டு கோப்பை முழுவதையும் குடித்து முடித்தல் ஒரு கலை. தம்பி அவசரக்காரன். முதல் மிடறிலேயே கடித்து விழுங்கிவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அக்காலத்தில் என் மனத்தில் ஓர் உறுதி பிறந்தது. பெரியவனாகிச் சம்பளம் வாங்கும் நாளில், கரண்டி நிற்குமளவிற்குச் சீனி இட்டுத் தேநீர் குடிப்பேன் என்பதே அது. வாழ்க்கையில் எத்தனையோ உறுதிகளை யான் கைவிட்டிருக்கின்றேன். இதனை மட்டும் எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினேன். ஆசிரியர் கலாசாலையில் பயின்ற காலத்திலேயே கோப்பைக்கு மூன்று கரண்டி எனது அளவு. நியமனம் பெற்ற பின்னர் நாளொன்றுக்கு ஐந்து கோப்பை. அதற்கு மேல், பாடசாலை விட்டதும் தேநீர்க்கடையில் ஒரு பணிஸ். வீட்டில் அம்மா செய்த பயற்றம் உருண்டை. வாணி விழாக் காலத்தில் அவலும் சர்க்கரைப் புக்கையும். கிண்ணியா நண்பர் வீட்டுப் பெருநாளில் வட்டிலப்பம். விருந்தென்றால் சட்டித் தயிரும் கித்துள் பாணியும். எவரேனும் கேட்டால், “மூளைக்கு வேலை கொடுப்பவனுக்கு இனிப்பு வேண்டும்” என்று விடையிறுப்பேன். மாணவர் கட்டுரைகளைத் திருத்துவோர் இக்கூற்றை எளிதில் நம்புவர்.

இனி என் தந்தையாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாது விடின் இக்கட்டுரை பொய்யாகும்.

அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவர். 2006ஆம் ஆண்டில் அவருக்குச் சீனி வருத்தம் இருப்பது தெரியவந்தது. நீரிழிவு என்று நூல்களில் எழுதினும் நம்மூரில் அதற்குச் சீனி வருத்தம் என்பதே பெயர். அப்பெயரே எங்களை ஏமாற்றியது. சீனியால் வரும் வருத்தமாயின் சீனியை விட்டால் போதுமன்றோ? “தம்பி, சீனிதானே கூடாது, பனங்கட்டிக்கு என்ன?” என்றார் அப்பா. எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பனை நம் மரம். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிக் குட்டானில் ஊற்றி எடுக்கும் பனங்கட்டியை ஆலையில் வெளுத்த சீனியோடு ஒப்பிடலாமா? யாழ்ப்பாணத்திலிருந்து வரும் நண்பர்களிடம் சொல்லிவைத்து, குட்டான் குட்டானாக யானே தருவித்தேன். அப்பா நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு ஒரு நல்ல துண்டு வீதம் தேநீரோடு உண்டார். மகன் கடமையைச் செய்கின்றான் என்ற நிறைவு அவர் முகத்திலும் என் மனத்திலும் இருந்தது.

2011ஆம் ஆண்டில் அவரது வலக்கால் விரலில் செருப்புக் கடித்த சிறு புண் ஆறாமல் நின்றது. வைத்தியசாலையில் இரத்தத்தைப் பரிசோதித்த வைத்தியர் என்னை அழைத்தார்.

“மாஸ்டர், ஐயாவுக்குச் சாப்பாட்டில என்ன குடுக்கிறீங்கள்?”

“சீனி தொடுவதேயில்லை, டொக்டர். பனங்கட்டி மட்டுந்தான்.”

அவர் சற்றுநேரம் என்னைப் பார்த்தார். கோபிக்கவில்லை. “இரத்தத்துக்குப் பனைமரமும் தெரியாது, கரும்பும் தெரியாது, மாஸ்டர். ரெண்டும் ஒண்டுதான்” என்றார்.

அப்பாவின் இரண்டு விரல்களை அகற்ற வேண்டியதாயிற்று. பனங்கட்டி ஒன்றே அதற்குக் காரணமென்று எவரும் கூறவில்லை. நாட்பட்ட நோயும், ஒழுங்காக உட்கொள்ளாத மாத்திரைகளும், அவர் விடாத சுருட்டும் அதிற் பங்கு கொண்டன. ஆயினும் வீட்டிற் கணக்குப் பார்த்தேன். துண்டொன்று ஏறத்தாழ 20 கிராம். மூன்று துண்டு 60 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் எனக் கொள்ளின் அது பதினைந்து கரண்டி சீனிக்குச் சமம். ஐந்து ஆண்டுகள், நாள்தோறும், அன்பின் பெயரால் பதினைந்து கரண்டி. அப்பா 2014இல் காலமானார். அதுவரையில் என்னை ஒரு சொல்லேனும் குறைகூறவில்லை. குறைகூறியிருந்தால் இத்துணை வருந்தியிருக்கமாட்டேன்.

இத்தனையும் கண்ட பின்னராவது யான் திருந்தினேனா என்றால், இல்லை. மனிதன் பிறர் நோயைக் கண்டு அஞ்சுவான். தன் நாவைக் கண்டு அஞ்சுவதில்லை. 2022ஆம் ஆண்டில், பொருள்களின் விலை ஏறி நாடே அல்லலுற்ற அவ்வாண்டில், பொது மருத்துவப் பரிசோதனை ஒன்றிற்குச் சென்றேன். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 118 மில்லிகிராம் சீனி இருந்தது. 100க்குக் கீழ் இருத்தல் வேண்டும்; 126ஐத் தொட்டால் அது நோய். யான் வாசற்படியில் நின்றேன். நிறை 84 கிலோ. அன்று மாலை உப்புவெளிக் கடற்கரையில் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். அப்பாவின் செருப்பே கண்முன் நின்றது.

அதன்பின் யான் கற்ற பாடங்களை இங்கே தருகின்றேன். யான் வைத்தியன் அல்லன். நோயாளர் தத்தம் வைத்தியர் சொற்படியே நடத்தல் வேண்டும். இவை ஒரு தமிழாசிரியன் தன் நாவோடு செய்துகொண்ட உடன்படிக்கைகள் மட்டுமே.

முதலாவது, கணக்கு அறிதல். சீனி கிராமொன்றிற்கு ஏறத்தாழ 4 கலோரி தரும். பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் அதனின்று மிகக் குறைந்தன அல்ல. தேனும் கிராமுக்கு 3 கலோரி வரை தரும். மணமும் சில தாதுப்பொருள்களும் பனங்கட்டியில் உண்டு என்பது மெய்யே. அதனை விரும்பி உண்ணலாம். மருந்தென்று மயங்கி உண்ணலாகாது. பழங்களிலும் பாலிலும் இயல்பாக உள்ள இனிப்பு நீங்கலாக, நாம் சேர்க்கும் சீனி, தேன், பாணி முதலியவற்றால் வரும் சத்து நாளின் மொத்தக் கலோரியிற் பத்தில் ஒரு பங்கினும் குறைவாக இருத்தல் வேண்டுமென 2015இல் உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்தது. இருபதில் ஒரு பங்காயின் இன்னும் நன்று. 2000 கலோரி உண்பார்க்கு இப்பின்னைய அளவு 25 கிராம். அஃதாவது ஆறு தேக்கரண்டி. எனது பழைய கணக்கோ தேநீரில் மட்டும் பதினைந்து! அப்பாவின் பதினைந்தும் என் பதினைந்தும் ஒன்றாக இருந்தமை கண்டு திடுக்குற்றேன்.

இரண்டாவது, நாவைப் படிப்படியாகப் பழக்குதல். ஒரேநாளில் சீனியைத் துறந்தவர் ஒரே வாரத்தில் அதனிடம் மீள்வதைக் கண்டிருக்கின்றேன். யான் மூன்று கரண்டியை இரண்டாக்கி ஒரு மாதம் பொறுத்தேன், பின் ஒன்றாக்கினேன், பின் அரையாக்கினேன். முதல் வாரத்தில் தேநீர் கழுநீர் போன்றிருக்கும். மூன்றாம் வாரத்தில் தேயிலையின் சுவை தெரியத் தொடங்கும். நாற்பது ஆண்டுகளாகத் தேயிலை விளையும் நாட்டில் வாழ்ந்தும் தேயிலைக்கு ஒரு சுவையுண்டு என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன்.

மூன்றாவது, கரைத்துக் குடியாமல் கடித்துக் குடித்தல். இது அம்மாவின் வித்தை. கரைந்த சீனி நாவைத் தொட்டும் தொடாமலும் தொண்டைக்குள் ஓடிவிடும். கடலையளவு பனங்கட்டியோ வாயில் இருக்கும்வரை இனிக்கும். 5 கிராம், 20 கலோரி. ஒரு கோப்பைத் தேநீருக்கு அது போதும். மாலை நான்கு மணிக்கு என் ஆசை அதனால் அடங்குகின்றது. யான் இவ்வாறு குடிப்பதைக் கண்ட அம்மா, “அந்த நாளையில இல்லாமல் இப்பிடிக் குடிச்சனீ, இப்ப இருந்தும் குடிக்கிறாய்” என்று சிரித்தார்.

நான்காவது, பசியை இனிப்பால் ஆற்றாமை. பாடசாலை விட்டதும் எழுவது பெரும்பாலும் பசியே. அது ஆசையின் வேடம் பூண்டு வரும். ஒரு கோப்பை நீரும் ஒரு கைப்பிடி அவித்த கடலையும் உண்டபின், பணிஸ் முன்போல் அழைப்பதில்லை. அதன்பின்னும் இனிப்பு வேண்டுமாயின் பப்பாசிப்பழம் இருக்கின்றது. 100 கிராமில் ஏறத்தாழ 43 கலோரிதான். வாழைப்பழமாயின் அதனினும் இரு மடங்கு. ஆகவே ஒன்றோடு நிறுத்துதல் வேண்டும்.

ஐந்தாவது, திருநாளைத் திருநாளாகக் கொண்டாடுதல். பிள்ளையார் சதுர்த்தியன்று மோதகம் உண்ணாதவன் பிள்ளையாருக்கு மட்டுமன்றி, மோதகம் அவித்த அம்மாவுக்கும் குற்றவாளி. ஒன்று உண்பேன், மெல்ல உண்பேன், இரண்டாவதைப் பகிர்ந்து கொடுப்பேன். அன்று தேநீர் வெறுந்தேநீர். செலவு ஏறிய நாளில் வேறொன்றைக் குறைத்தல் சம்பளக்காரர் எல்லார்க்கும் தெரிந்த வித்தையே.

செயற்கை இனிப்பு மாத்திரையைச் சிலர் பரிந்துரைத்தனர். நிறையைக் கட்டுப்படுத்தும் பொருட்டு அவற்றை நம்பற்க என 2023இல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவுறுத்தியது. நீரிழிவுடையோர்க்கு அவ்வறிவுரை வகுக்கப்படவில்லை. அவர்கள் வைத்தியரைக் கேட்டல் நன்று. எனக்கோ, நாவின் ஆசையைக் குறைப்பதே நோக்கமாதலின், அதனை வேறொன்றால் வளர்க்க விருப்பமில்லை.

இவற்றோடு நாள்தோறும் மாலையில் உப்புவெளிக் கடற்கரையிலிருந்து அலஸ்தோட்டம் வரை நடந்து மீள்கின்றேன். ஓர் ஆண்டில் நிறை 77 கிலோவாயிற்று. இரத்தக் கணக்கு 104 ஆயிற்று. இன்னும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. வாசற்படியிலிருந்து ஓரடி பின்வைத்திருக்கின்றேன், அவ்வளவே.

மாணவர்களுக்கு ஒரு சொல். மென்பானப் போத்தல்களில் நிறவட்டம் ஒன்றைக் காண்பீர்கள். 2016 ஆகஸ்ட் மாதத்திலிருந்து நம் நாட்டில் அது கட்டாயமாயிற்று. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறையின் பச்சை, இடைப்பட்டது மஞ்சள். சிவப்பு வட்டமுள்ள 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் குறைந்தது பதினொரு கரண்டி சீனி உண்டு. இதனை வகுப்பிற் சொன்னபோது ஒரு மாணவன், “சேர், வட்டம் சிவப்பெண்டால் வடிவாயிருக்கெண்டுதான் வாங்கினனான்” என்றான். எழுத்தறிவித்தல் நம் தொழிலாயின் இவ்வட்டத்தை வாசிக்கக் கற்பித்தலும் அதிலடங்கும். வள்ளுவரும் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தை அமைத்தபோது மூலிகைகளின் பெயரை அடுக்கவில்லை. முன்னுண்டது செரித்தமை அறிந்து அளவோடு உண்ணும் முறையையே பெரிதும் விரித்தார். அவ்வதிகாரத்தை யான் பல்லாண்டுகள் கற்பித்தேன். மாணவர் பலர் அதிற் சிறப்புச் சித்தி பெற்றனர். ஆசிரியன் மட்டும் சித்தியெய்தத் தாமதமாயிற்று.

பழைய மாணவ அன்பர்களே, உங்களுள் என் வயதினர் பலர் உள்ளீர்கள். உங்கள் வீட்டு முதியவர்க்குப் பனங்கட்டி ஒன்றும் செய்யாது என்று எவரேனும் சொன்னால், என் தந்தையாரை ஒருகணம் நினைத்தருளுக. நீங்களும் ஆண்டுக்கொருமுறை இரத்தத்தைப் பரிசோதித்துக் கொள்க.

நிறைவாக, யூபிலி விருந்து ஏற்பாட்டாளர்க்கு ஒரு விண்ணப்பம். பாயசத்தையும் இலட்டையும் நீக்கச் சொல்லேன். அத்துணைக் கொடியவன் அல்லன். அவற்றின் பக்கத்தில் ஒரு தட்டுப் பப்பாசிப்பழம் வையுங்கள். தேநீரைச் சீனியின்றி ஊற்றிச் சீனியை வேறாக வையுங்கள். மேசையின் ஓரத்தில் கடலையளவாக உடைத்த பனங்கட்டி ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கட்டும். அதனைக் கொணரும் பொறுப்பை யானே ஏற்கின்றேன்.