பிடியரிசி டப்பா

மேலநீலிதநல்லூர் பக்கத்தில் ஒரு சின்ன சபை. நாற்பது குடும்பம்தான். அதுவும் ஒரே தெருவில் இல்லை. மூன்று கிராமங்களில் சிதறிக் கிடக்கிறது. அங்கே நடந்தது இது. யார் பெயரும் வேண்டாம்.

அந்த ஆச்சிக்கு 78 வயது. ஒரே மகன் திருப்பூரில், பனியன் கம்பெனியில். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடிக்கும் முன்பே கோயிலுக்கு வந்து, பெண்கள் பக்கம் சுவரோரமாக உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் புறவாசலில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்து நடக்க முடியவில்லை. மகனிடம் சொன்னால் லீவு போட்டு ஓடி வருவான், சம்பளம் போய்விடும் என்று சொல்லவில்லை.

மூன்று ஞாயிறு அந்தச் சுவரோரம் காலியாகக் கிடந்தது. ஒருவரும் தேடவில்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. கணக்குப்படி ஆச்சி சபையில்தான் இருந்தார்! சங்கக் காணிக்கையை மகன் ஒன்றாம் தேதியே ஜிபேயில் போட்டுவிடுவான். சபையின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் 'ஆமென்' போடுவதும் அவன்தான். பொருளாளர் தம்பியைக் குறை சொல்ல முடியாது. நோட்டில் எழுதி வசூலித்த காலத்தில் வருஷா வருஷம் கணக்குச் சண்டை வரும். இப்போது ஒரு ரூபாய் பிசகுவதில்லை.

நாலாவது வாரம், ஆச்சியின் பக்கத்து வீட்டுப் பெண் சபையின் பெண்கள் சங்கச் செயலாளரை பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டார். இவர் சபையைச் சேர்ந்தவர் இல்லை. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குத் தவறாமல் போகிறவர்.

"ஏன்க்கா, உங்க கோயில்காரங்க ஒருத்தரும் ஆச்சிய வந்து பாக்கலியே? மூணு வாரமா நான்தான் கஞ்சி வச்சுக் குடுக்கேன்."

செயலாளர் அன்று சாயங்காலமே ஓடினார். ஆச்சி கோபித்துக்கொள்ளவில்லை. "எல்லாருக்கும் சோலிதானே" என்றார். பிறகு அடுப்பு மேட்டைக் காட்டி, "ஏட்டி, அந்த டப்பாவ எடுத்துட்டுப் போ. நெறஞ்சு எம்புட்டு நாளாச்சு" என்றார்.

பழைய ஹார்லிக்ஸ் டப்பா. திறந்தால் விளிம்பு வரை அரிசி. அரிசி முழுக்க வண்டு.

உலை வைக்கும்போது சபைக்கென்று ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது பழைய வழக்கம். சனிக்கிழமை சபைப் பெண்கள் வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. காஞ்சிப் பெரியவர் பிடியரிசித் திட்டத்தை ஊர் ஊராக வலியுறுத்தியிருக்கிறார். மிசோரம் சபைகளில் 1910-இல் தொடங்கிய பிடியரிசிக் காணிக்கை இன்றும் நடக்கிறது.

திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியில் சபையார் ஒன்றாகக் குடியிருந்த ஊர்கள் உண்டு. 1799-இல் உருவான முதலூர் அப்படிப்பட்டது. 1830-இல் ரேனியஸ் ஐயர் காலத்தில் ஏற்பட்ட தரும சங்கம், சபையார் குடியிருக்க நிலம் வாங்கவே பணம் சேர்த்தது. வடபகுதி அப்படி இல்லை. ராக்லண்ட் ஐயர் 1854-இல் கூடாரத்தோடு ஊர் ஊராக அலையத் தொடங்கிய பூமி இது. இங்கே ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே கரிசல்காடு கிடக்கும். யாராவது நடந்து போனால்தான் சேதி தெரியும்.

பிடியரிசிக்குப் போகிறவள் வாசலோடு நிற்கமாட்டாள். அடுக்களை வரை போவாள். அடுப்பு எரிகிறதா, மாத்திரை அட்டை காலியா, மருமகள் முகம் ஏன் வாடியிருக்கிறது, எல்லாம் அரிசியோடு சேர்ந்து வந்துவிடும். யாரும் திட்டம் போட்டுச் செய்ததல்ல. 2011-இல் ரேஷன் அரிசி இலவசமானதும் ஒரு பிடி அரிசிக்கு மதிப்புக் குறைந்தது. சில வருஷம் இழுத்துப் பார்த்துவிட்டு வசூலை நிறுத்தினார்கள். நிறுத்தியதை ஆச்சியிடம் யாரும் சொல்லவில்லை.

கமிட்டியில் செயலாளர் பேச்சை எடுத்தபோது ஒருவர் சிரித்தார். "அரிசிய வாங்கி என்னம்மா செய்ய? ரேஷன் அரிசிய கோழிக்குல்லா போடுதாங்க."

"அரிசி கெடக்கட்டும்ணே. வீட்டுக்குள்ள போறதுக்கு ஒரு சாக்கு வேணும்லா?"

எட்டுப் பெண்கள், ஆளுக்கு ஐந்து வீடு. சனிக்கிழமை சாயங்காலம். ஜிபே அப்படியே இருக்கட்டும் என்றார்கள். பொருளாளர் தம்பி தானாகவே ஒரு வேலையை எடுத்துக்கொண்டான்: தொடர்ந்து இரண்டு ஞாயிறு வராதவர் பெயரைக் குறித்து, அந்த வீட்டுக்குப் போகிறவரிடம் கொடுப்பான். எல்லாம் சீராக நடக்கிறது என்று சொல்ல முடியாது. எட்டில் இரண்டு பேர் ஒழுங்காகப் போவதில்லை. பழைய சண்டை ஒன்றை மனதில் வைத்திருக்கும் ஒரு வீட்டில், "எங்களுக்கு எல்லாம் இருக்கு, வர வேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமையும் அங்கே போயிருக்கிறார்கள். அப்போதும் கதவு திறக்கவில்லை.

ஆச்சி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். முதல் சனிக்கிழமை செயலாளர் போய்ச் சேர அரை மணி நேரம் பிந்திவிட்டது. "இன்னைக்கும் வரமாட்டியோன்னு நெனச்சேன்" என்று உள்ளேயிருந்து குரல். திண்ணையில் உட்கார்ந்து சொளகில் அரிசியைப் புடைத்து வண்டு போக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் வந்து நின்றார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் கேரளாவில். கையில் ஒரு பிடி அரிசி.

"யக்கா, எங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போவியளா?"

செயலாளரின் ஐந்து வீடு அன்றே ஆறாகிவிட்டது.