வால்வு வைத்தவருக்குக் காய்ச்சல்

ஆரணியில் தறிக்குழியில் கால் தொங்கவிட்டுப் பட்டு நெய்கிறவருக்குக் காய்ச்சல் வந்தால், தெருமுனை மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்பார். கூலி நின்றுவிடக் கூடாதே. ஆனால் செயற்கை இதய வால்வு வைத்தவர் அப்படிச் செய்வது ஆபத்து; அந்தக் காய்ச்சல் வால்வில் கிருமி தொற்றியதன் அறிகுறியாக இருக்கலாம்.

சிறுவயதுத் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் வாதக் காய்ச்சல் நம் பக்கம் எத்தனையோ பேரின் வால்வைக் கெடுத்திருக்கிறது. பக்கத்து வேலூரில், சி.எம்.சி. மருத்துவமனையில், 1961-லேயே திறந்த இதய அறுவை நடந்தது. 1990 டிசம்பரில் திருவனந்தபுரத்தில், உள்நாட்டிலேயே உருவாக்கிய சித்ரா வால்வு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வை வாங்க முடியாதவர்களுக்கும் அதனால் வழி பிறந்தது.

காய்ச்சலோடு வரும் வால்வு நோயாளியிடம் அனுபவப்பட்ட இதய மருத்துவர் முதலில் கேட்பது இதைத்தான்: "மாத்திரை ஏதாவது போட்டீங்களாண்ணே?" ஆன்டிபயாடிக் ஒரு வேளை உள்ளே போய்விட்டாலும் ரத்தப் பரிசோதனையில் கிருமி வளராமல் போகலாம். எதிரி யாரென்று தெரியாமலே ஆறு வாரம் ஊசி மருந்து கொடுக்க நேரும். அதனால்தான் முதல் ஊசிக்கு முன்பே, வெவ்வேறு இடங்களில் குத்தி, மூன்று முறை ரத்தம் எடுப்பார்.

அடுத்து, தினமும் ஒரு ஈ.சி.ஜி. மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பு இறங்கும் நேரம் நேற்றைவிட இன்று நீண்டிருக்கிறதா? நீண்டிருந்தால், பெருந்தமனி வால்வின் விளிம்பில் சீழ் கட்டத் தொடங்கியிருக்கலாம். மயிரிழை வித்தியாசம்தான். அதைப் பார்க்கப் பழகிய கண்ணே இந்தத் தொழிலின் பாதி.

இதயத்துக்கே ரத்தம் ஊட்டும் கரோனரி தமனிகள் அந்த வால்வுக்குச் சற்று மேலேதான் பிரிகின்றன. சீழ்க்கட்டி அவற்றை நெரிக்கலாம்; வால்வில் ஒட்டிய கிருமித் திரள் உடைந்து, பெரும்பாலும் இடது முன்தமனியில் போய் அடைக்கலாம். நெஞ்சுவலியும் ஈ.சி.ஜி.யும் அசல் மாரடைப்பு போலவே இருக்கும். அவசரப்பட்டு ரத்தக்கட்டி கரைக்கும் ஊசியைப் போட்டால், கிருமியால் புடைத்த மூளைத் தமனி வெடித்து ரத்தம் கசியக்கூடும். ஆஞ்சியோ குழாய் பட்டு மிச்சத் திரளும் உதிரலாம். ஆகவே உணவுக்குழாய் வழி எக்கோ, சி.டி. என்று சுற்றுவழியில் பார்த்துவிட்டு, அறுவை மருத்துவரோடு உட்கார்ந்து முடிவெடுப்பார்.

அந்த அறுவை கடினமானது. பழைய வால்வைக் கழற்றி, சீழைச் சுரண்டி, சிலருக்குப் பெருந்தமனியின் அடிப்பகுதியையே மாற்றி, கரோனரி வாய்களை மறுபடி தைக்க வேண்டும்.

பல் பிடுங்கப் போனாலும் வால்வு வைத்ததற்கான அட்டையைக் காட்டச் சொல்கிறார் மருத்துவர். வாய்க்கிருமி அந்த வழியாகவும் ரத்தத்தில் ஏறும். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம் முன்னதாக 2 கிராம் அமாக்சிசிலின்; பென்சிலின் ஒவ்வாதவருக்கு வேறு மருந்து.